ஃப்ளாரன்ஸுக்குக் கொண்டுபோன தழை

என் மனைவி ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உடும்பே தோற்றுப்போகும். எண்பதுகளின் தொடக்கத்தில் அவள் பிடித்த பிடி இது: இத்தாலியில் இருக்கிற ஃப்ளாரன்ஸ் நகரத்துப் பெரிய தேவாலயத்தின் உச்சியில் ஏறி நிற்க வேண்டும். மாடிப்படி ஏறினாலே இழுப்பு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவளுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்!

நானும் அண்ணனும் வாணியம்பாடியில் சின்னதாக ஒரு தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் பட்டறை, வைத்திருந்தோம். எங்களிடம் தோல் வாங்கிய ஃப்ளாரன்ஸ் வியாபாரி ஒருவர் வருஷம் தவறாமல் அந்த ஊர்ப் படங்கள் போட்ட காலண்டர் அனுப்புவார். வெளிநாடு போவதெல்லாம் அண்ணன்தான். அந்த வருஷம் அவருக்கு உடம்பு சரியில்லாததால் என் முறை வந்தது. மனைவியையும் கூட்டிவாருங்கள், வேலை முடிந்தபின் நாலு நாள் தங்கி ஊர் பாருங்கள் என்று வியாபாரி எழுதியிருந்தார். அதை வாய்விட்டுப் படித்துவிட்டேன். சும்மா இருந்த சங்கை ஊதினேன்.

அப்போது நாங்கள் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டில் இருந்தோம். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். சீசன் முழுக்க அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொள்முதல் செய்வேன். தோல் ஷாப் நாற்றம் இல்லாத காற்று நல்லது என்று டாக்டர் சொன்னதால் அவளும் கூட வருவாள். வீட்டுக்காரம்மாவுக்கு ஏறக்குறைய அவள் வயதுதான். சாமை விதைப்பார், ஆடு மேய்ப்பார். இருவரும் ஒருவரையொருவர் அக்கா என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். யார் மூத்தவர் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே கோபம் வரும்.

கடிதம் வந்த அன்றே, என் மனைவி கூடவே கொண்டுவந்திருந்த காலண்டர் தாள்கள் தரையில் விரிந்தன. நான் காயவைத்திருந்த கடுக்காயை அள்ளிவந்து வரிசையாக வைத்து ஆறு என்றாள். குறுக்கே ஒரு குச்சி, அது பாலம். பாலத்தின் மேல் இரண்டு பக்கமும் நகைக்கடைகளாம்.

"பாலத்து மேல கடையா?" என்றேன். "நம்ம பாலாத்துப் பாலத்துல ஒரு வேர்க்கடல வண்டிய நிறுத்திப் பாரு, போலீஸ் இன்னா பண்றான்னு தெரியும்."

"அதான் அந்த ஊரப் பாக்கணும்றேன்."

ஊரின் நடுவே ஒரு பெரிய சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். அதுதான் தேவாலயத்தின் குவிமாடம். உள்ளே குறுகலான படிக்கட்டு உண்டு, ஏறிப் போனால் ஊர் முழுக்கத் தெரியும் என்று அண்ணன் எப்போதோ சொன்னதை மறக்காமல் வைத்திருந்தாள். வீட்டுக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சாமி கீழ இருக்கச் சொல்ல நீ மேல ஏறி நிப்பியா? இன்னாக்கா இது?"

"அவங்க ஊரு வழக்கம் அப்படிக்கா."

"அப்ப செருப்பயாச்சும் கழட்டிட்டு ஏறு."

நான் கறாராகச் சொல்லிவிட்டேன். "பாலம் பாக்கலாம், ஆறு பாக்கலாம். அந்தச் சொம்பக் கீழ நின்னு அண்ணாந்து பாக்கறதோட சரி. போற எடத்துல இழுப்பு வந்தா யாருகிட்ட போய் நிக்கிறது?"

"அண்ணாந்து பாக்க இந்த மலையே போதுங்க. அதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்?"

மறுநாள் காலையில் ஆடுகளோடு அவளும் கிளம்பிவிட்டாள். ஊருக்குப் பின்னால் ஒரு ஏற்றம், அதன் உச்சியில் ஒரு கல். ஏறி வருகிற எவரும் வழியில் ஒரு தழையை ஒடித்துவந்து அந்தக் கல்லின் மேல் போட்டுவிட்டுத்தான் போவார்கள். ஏறிய களைப்பை அங்கேயே இறக்கி வைப்பதாக நம்பிக்கை. முதல் நாள் பாதியிலேயே இழுப்பு வந்துவிட்டது. புளியமரத்தடியில் உட்கார்ந்து, முகம் வெளுத்துத் திரும்பிவந்தாள். நான் சத்தம் போட்டேன். சுடுதண்ணீரைக் குடித்துக்கொண்டே கேட்டாள். அடுத்த நாள் ஆட்டுக்கு முன்னால் எழுந்து நின்றாள்.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆடு நின்றால் நிற்பது, ஆடு நகர்ந்தால் நகர்வது. ஆடுகள் நாலடி ஏறும், ஒரு செடியைக் கடிக்கும், நிற்கும். அவசரமே கிடையாது. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கடுக்காய் சீசன் முடிவதற்குள் அவள் கல்லுக்குப் போய்த் தழை போட்டுவிட்டாள். அன்று வீட்டுக்காரம்மா வாசலிலிருந்தே கத்தினார்: "பாய்! ஒங்க வூட்டம்மா போட்டுட்டாங்க!" என்னையறியாமல் சிரித்துவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

ஃப்ளாரன்ஸில் என் வேலை முடிந்த மறுநாள் விடியுமுன்பே என்னை உலுக்கி எழுப்பினாள். வெயில் ஏறுவதற்குள் ஏறிவிட வேண்டுமாம், மலை வழக்கம்! போனால் கதவு பூட்டியிருக்கிறது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஆனால் கதவு திறந்தபோது நாங்கள்தான் முதல் ஆட்கள். இடித்துக்கொண்டு பின்னால் ஏற ஒருவரும் இல்லை.

செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். சுவரில் அங்கங்கே சின்னச் சின்ன ஜன்னல்கள் இருந்தன. மூச்சு நன்றாக இருக்கும்போதே ஒவ்வொரு ஜன்னலிலும் நின்றாள். "இங்க ஆடு மேயுதுங்க," என்பாள். மேய்ந்து முடிந்ததும் நகர்வாள். எனக்கு அந்தப் பொறுமை ஏது? சீக்கிரம் முடித்துத் தொலைக்கலாம் என்று அவளைத் தாண்டி விடுவிடுவென்று ஏறினேன்.

உச்சிக்கு வந்து கம்பியைப் பிடித்தேனோ இல்லையோ, எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாய் திறந்து நாய் மாதிரி இரைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் வெறுங்காலோடு மேலே வந்தாள். சிவப்பு ஓட்டுக் கூரைகளையும் ஆற்றையும் கடைவைத்த பாலத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "கடுக்காய சரியாத்தான் வெச்சிருக்கேன்," என்றாள்.

பிறகு கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் திறந்தாள். உள்ளே புதூர்நாட்டுப் புளியந்தழை ஒன்று இருந்தது. இலையெல்லாம் உதிர்ந்து காம்புதான் மிச்சம். எங்கே போடப்போகிறாள் என்று பார்த்தால், என் கையிலிருந்த செருப்பை வாங்கிக்கொண்டு அந்தக் காம்பை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்க போடுங்க. எனக்கு மூச்சே வாங்கல."