நேராகப் பூட்டிய சிறகு

1. மண்டபத்துக்கு ஒரு விமானம்

ஓய்வு பெற்ற பிறகு நான் எடுத்த முதல் வேலை விமானம் செய்வது. சிரிக்க வேண்டாம். அச்சுவேலியில் ஒரு கல்யாண மண்டப முதலாளிக்கு, மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஏறி இருந்து படம் எடுக்கப் பறக்காத விமானம் ஒன்று தேவைப்பட்டது. முப்பது வருடம் தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடம் படிப்பித்தவன் என்பதால் என்னிடம் வந்தார்.

ஒரு காலத்தில் படைகளுக்கு விமானிகளைப் பழக்கிய டைகர் மொத் விமானத்தைத் தெரிவு செய்தேன். மேலொன்று கீழொன்றாக இரட்டைச் சிறகு, மரச் சட்டத்தில் போர்த்திய சீலை, ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு இருக்கை. இணையத்தில் கிடைத்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி, அதன்படி சிறகுகளைப் பூட்டினேன்.

அளவெட்டியில் தனியே இருந்த இராசரத்தினம் ஐயா இளவயதில் இரத்மலானையில் அந்த விமானங்களுக்குச் சிறகு பூட்டியவர் என்று கேள்விப்பட்டு அழைத்து வந்தேன். உண்மையைச் சொன்னால், ஆலோசனை கேட்க அல்ல, பாராட்டு வாங்க. தொண்ணூறு வயதிலும் தானே சமைத்து, தானே கிணற்றில் அள்ளிக் குளித்தவர் அவர். கனடாவிலிருந்து வந்திருந்த மகள் சாந்தியும் கூட வந்தார். தகப்பனை வீட்டிலேயே விடுவதா, முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா என்று முடிவெடுக்கத்தான் அவர் வந்திருந்தார். அது எனக்கும் தெரியும்.

2. மெத்தை கட்டிய பரசூட்

ஐயா விமானத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

"தம்பி, சிறகு நேராய் நிக்குது. நுனி பின்னுக்குச் சாயோணும்."

"படத்திலை நேராய்த்தானே ஐயா கிடக்கு."

"அப்ப படம் பிழை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது எண்டு சும்மாவே சொன்னவை?"

வேலையாட்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

ஐயா விடவில்லை. "முன் சீட்டிலை பழக்கிற ஆள் இருப்பார். பரசூட்டோடை வெளியிலை பாயேலாமல் மேல் சிறகு தலைக்கு மேலை மறிச்சுது. அதாலை சிறகை முன்னுக்குத் தள்ளிச்சினம். தள்ளினால் பாரம் பிழைச்சுச் சமநிலை கெடும். அதைச் சரிக்கட்டத்தான் நுனியைப் பின்னுக்கு இழுத்தது."

நான் சுவரிலிருந்த படத்தையே விரலால் தட்டிக்கொண்டு நின்றேன். அவர் நான் இருந்து வரையும் கதிரையின் சிறு மெத்தையை எடுத்துச் சால்வையால் பின்புறத்தில் கட்டினார். பரசூட்டை அப்படித்தான் கட்டுவார்களாம். அப்படியே முன் இருக்கையில் ஏறி இருந்து, எழும்பிக் காட்டப் போனார். மெத்தை உள்ளே இறுகியது. தலை மேல் சிறகில் முட்டியது. ஒரு கால் வெளியில், ஒரு கால் உள்ளே.

"அப்பா, உதென்ன விளையாட்டு?" என்று ஓடி வந்தார் சாந்தி. மூன்று பேர் பிடித்து இறக்கினோம்.

பிறகு சாந்தி என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார்.

"மாஸ்டர், ஒளிக்காமல் சொல்லுங்கோ. அப்பாவுக்கு நினைவு தடுமாறுதோ?"

சுரைக்காய் இன்னும் தொண்டையில் நின்றது. "ஓம் பிள்ளை, ஐயாவுக்கு மறதி வந்திட்டுது" என்றேன்.

ஐயாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். மெத்தையை அவிழ்த்துத் தட்டி என் கதிரையில் வைத்தார்.

3. கீழ் மூலை

இரண்டு மாதம் கழித்து முதலாளி போன் எடுத்தார். "மாஸ்டர், முன் சீட்டிலை ஏறின பொம்பிளை இறங்கேலாமல் நிக்கிறா. கொண்டை மேல் சிறகிலை கொழுவிப்போட்டுது."

போய்ப் பார்த்தேன். ஐயாவின் தலை முட்டிய அதே இடம். வீட்டுக்கு வந்து படத்தின் கீழ் மூலையைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். மாற்றங்கள் செய்யுமுன் பறக்க விட்ட சோதனை விமானத்தின் வரைபடம் என்று பொடி எழுத்தில் இருந்தது. முதலில் கீழ் மூலைக் கட்டத்தை வாசியுங்கள் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கத்தியவன் நான்.

உடனே சாந்திக்குப் போன் எடுத்து எல்லாம் சொன்னேன்.

"என்ரை பேரிலை இருந்த வீட்டை வித்தாச்சு மாஸ்டர், அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை. நீங்கள் சொன்னதுக்குப் பிறகு அப்பாவும் மறுக்கேல்லை. எனக்கு மறதிதான் பிள்ளை எண்டு சொல்லி முதியோர் இல்லப் பேப்பரிலை கையெழுத்து வைச்சவர்."

அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. வரைபடத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, கோபம் ஆறுமட்டும் இன்னொருவரைப் பற்றிச் சாட்சி சொல்லாதீர்கள். நான் சொன்ன ஒரு வார்த்தையை மகள் நம்பியதோடு அந்த மனிதரும் நம்பிவிட்டார்.

மறுநாள் முதியோர் இல்லத்துக்குப் போனேன். ஐயா கட்டிலில் இருந்தார். அவரது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஐயா, பிழை என்ரை. சிறகு சாய்வுதான். உங்களுக்கு ஒரு மறதியும் இல்லை."

"மெய்யாய்த்தானே தம்பி?"

"மெய்யாய்த்தான் ஐயா."

முகம் மலர்ந்தது. எழும்பி, கொழுவியிருந்த சட்டையை எடுத்துப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

"அப்ப வீட்டை போவம். ஆட்டோ நிக்குதே?"

ஆட்டோ வாசலில்தான் நின்றது. பிறகு வாறன் ஐயா என்று சொல்லிவிட்டு, நான் மட்டும் போய் ஏறினேன்.