மூக்கு மேல சத்தியம்

மூடியை லேசாகத் தூக்கி, கண்ணை மூடி, ஒரு முகர்தல். "லிண்டன் மரத்துப் பூ வாசம். சூடோமோனாஸ் கிருமிதான்" என்கிறாள் தெஸ்பினா. பித்தோலா நகர ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் படிப்பவள். கிருமி வளர்த்த தட்டு எது வந்தாலும் முதலில் மூக்குக்குத்தான் காட்டுவாள். சாயமேற்றுவது, நுண்ணோக்கியில் பார்ப்பது எல்லாம் அப்புறம்.

"உன்னைப் போலீஸ் நாயோட கட்டிப் போட்டிருக்கணும்" என்பார் டாக்டர் ஸ்தாமென்கா, அவளுடைய ஆசிரியை. "பரீட்சையை மூக்கா எழுதும்?"

"அது சொல்லும், நான் எழுதிக்கிறேன் டாக்டர்."

வீட்டில் மிளகாய் ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் அம்மாவே கூப்பிடுவாள், "இங்க வாடி, இது கெட்டுருச்சான்னு சொல்லு" என்று. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் காலையில் என்ன தின்றார் என்று அவரிடமே சொல்லி முறைப்பு வாங்கியதும் உண்டு.

மே மாதம் நவும் என்ற லாரி ஓட்டுநரின் இரத்தம் சோதனைக்கு வந்தது. பொழுது சாய்ந்தால் காய்ச்சல், விடிந்தால் வியர்வை. வாரக்கணக்காக மனிதர் துவண்டு கிடந்தார். காய்ச்சலுக்குப் பெயர் வைக்க எவராலும் முடியவில்லை. பல நாள் கழித்துத்தான் தட்டில் ஏதோ முளைத்தது, பனித்துளி மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று. தெஸ்பினாவின் கை மூடிக்குப் போனது. மூக்கும் பாதி வழி போய்விட்டது.

அங்கேயே நின்றாள். இத்தனை மெதுவாக, இத்தனை பொடியாக வளர்வது எது? படித்தது நினைவுக்கு வந்தது. புருசெல்லா. ஆடு மாடுகளின் காய்ச்சாத பாலில் வருவது, முகர்ந்தவரையே படுக்கையில் தள்ளும் கிருமி. தட்டைப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஆசிரியையிடம் ஓடினாள்.

"முகர்ந்தியா?"

"இல்ல டாக்டர்."

"சத்தியமா?"

"மூக்கு மேல சத்தியம்."

அப்புறம் நவும் படுத்திருந்த வார்டுக்குப் போனாள். "காய்ச்சாத பால் குடிச்சீங்களாண்ணே?"

"பால் குடிக்க நான் என்ன கைக்குழந்தையா?"

"பாலாடைக்கட்டி?"

"அது வேற விஷயம். மலையில என் மச்சான் போடறான். ஆட்டுப்பாலைக் காய்ச்சினா ருசியே போயிடும்மா."

நவுமின் இரத்தநீரில் சோதனைக் கரைசலின் ஒரு சொட்டு விட்டதும் மணல் மணலாகத் திரண்டது. சந்தேகம் தீர்ந்தது, புருசெல்லாதான். சரியான மருந்து கிடைத்தது. கோடை முடிவதற்குள் நவும் மறுபடி லாரியில் ஏறிவிட்டார்.

ஒருநாள் ஆய்வக வாசலில் வந்து நின்றார். கையில் வெள்ளைத் துணியில் கட்டிய பொட்டலம். "உங்களுக்குன்னே மச்சானைத் தனியாப் போடச் சொன்னேன். ருசி கெடாம."

தெஸ்பினா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மனமார நன்றி சொன்னாள். அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும் வரை புன்னகை மாறாமல் நின்றாள். பிறகு கிருமித் தட்டுகளை அவித்துக் கொல்லும் நீராவிக் கொப்பரையைத் திறந்து, பொட்டலத்தைப் பிரிக்காமலே உள்ளே வைத்து, மூடியை இறுக்கித் திருகினாள்.