சொல்லாமல் வைத்திருந்த இருபது நாட்கள்

ஐம்பத்தாறாம் வருஷம் ஜூன் மாதம் பாலக்காட்டில் நான் பி.ஏ. கடைசி வருஷத்துக்கு வந்தபோது, ஹாஸ்டல் அறையில் பெட்டியை வைத்த கையோடு நானும் என் அறைத் தோழனும் ஒரு தீர்மானம் செய்துகொண்டோம். இந்த ஒரு வருஷம்தான் மிச்சம். இதில் எதையும் விட்டுவிடக் கூடாது.

எங்கள் ஊர் வேலந்தாவளத்துக்குப் பக்கம். பரீட்சை முடிந்த மறுநாளே அப்பா என்னைத் தோட்டத்தில் இறக்கிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். அறைத் தோழன் சூரியநெல்லிக்காரன். அவன் அப்பா அங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பர். அந்த எஸ்டேட்டிலிருந்து காலேஜுக்கு வந்த முதல் ஆள் அவன்தான். எங்களோடு மூன்றாவதாக, டவுனில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவரின் மகன் சேர்ந்துகொண்டான்.

தீர்மானத்தை நான்தான் ரொம்ப ஒழுங்காக நிறைவேற்றினேன். மத்தியான வகுப்பை விட்டுவிட்டு மாட்டினி. வெயில் தாழ்ந்ததும் கோட்டை மைதானம். புதிதாகக் கட்டிய மலம்புழை அணைக்குப் பல தடவை. வேலை எதுவும் இல்லாமல் ஒலவக்கோடு ஸ்டேஷனுக்குப் போய், காப்பி குடித்துவிட்டு, மெயில் வந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். நவம்பரில் கல்பாத்தித் தேர் வந்தபோது மூன்று நாளும் காலேஜ் வாசலையே மிதிக்கவில்லை. அந்த நவம்பரில்தான் நாங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, மாநிலம் சென்னையிலிருந்து கேரளமாக மாறியது. அதைக்கூட நாங்கள் பேப்பரில் படித்ததோடு சரி. ஒரு டீயை இரண்டாக்கிக் குடிப்போம், ஒரு சிகரெட்டை மூன்று பேர் மாற்றி மாற்றி இழுப்போம். சூரியநெல்லிக்காரன் மட்டும் ஸ்காலர்ஷிப்பை நினைத்துப் பாதி நாள் வகுப்புக்குப் போய்விடுவான்.

ஜனவரி கடைசியில் நோட்டீஸ் போர்டில் அட்டெண்டன்ஸ் குறைந்தவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. பதினோரு நாள் குறை. டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்தால் மன்னித்துப் பரீட்சைக்கு விடுவார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள்.

வழி சொன்னவன் துணிக்கடைத் தோழன். டவுனில் ஒரு டாக்டர் புதிதாக டிஸ்பென்சரி திறந்திருக்கிறார், சின்ன வயசு, கூட்டமே இல்லை, கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுவார் என்றான். மறுநாள் காலையில் நான் மட்டும் போனேன். டாக்டர் எங்களைவிட நாலைந்து வயசுதான் மூத்திருப்பார். கல்பாத்திக்காரர். நவம்பரில் இரண்டு வாரம் கடுமையான காய்ச்சல் என்று, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"நவம்பர்ல உன்னை நான் பாக்கவே இல்லையே. பாக்காத ஜொரத்துக்கு எப்படி எழுதித் தரட்டும்?" என்றார்.

நான் எழுந்தேன். எழும்போது இருமல் வந்தது. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"எதுங்க?"

"இந்த இருமல்தான்."

"ரெண்டு மாசம் இருக்குங்க. சிகரெட்டுனாலங்க."

"சாயங்காலமானா ஒடம்பு காயறதோ?"

அப்போதுதான் யோசித்தேன். ஆமாம், கொஞ்ச நாளாகவே சாயங்காலம் உடம்பு கதகதவென்று இருந்தது. சட்டைகள் தொளதொளத்திருந்தன. ஹாஸ்டல் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டிருந்தேன். சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகில் குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு கோயம்புத்தூருக்குப் போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

மூன்றாம் நாள் படத்தோடு போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். வலது நெஞ்சின் மேல்பக்கத்தில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல வெள்ளையாக இருந்தது. காசம். இப்போது மருந்து வந்துவிட்டது, பயப்பட வேண்டாம், ஆனால் எட்டு மாதமாவது படுத்துக் கிடக்க வேண்டும், பரீட்சையை மறந்துவிடு என்றார். நான் கேட்டு வந்த சர்ட்டிபிகேட்டை இப்போது அவரால் எழுத முடியும். எழுதியும் கொடுத்தார். எனக்குத்தான் அது தேவைப்படவில்லை.

புறப்படும்போது கேட்டார். "ஹாஸ்டல்ல உன்னோட ரூம்ல யாரு? ஒண்ணாச் சாப்பிடறவா, சுத்தறவா யாரு? அவாளும் உடனே படம் எடுத்துக்கணும். நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

"நானே சொல்லிடறனுங்க" என்றேன்.

அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் டாக்டர் கொடுத்த தந்தி கிடைத்து அப்பா வந்துவிட்டார். டாக்டர் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டுக்கொண்டவர், வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். அவர் என் கையைப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"ஒருத்தருகிட்டயும் மூச்சு உடாத சாமி. டைபாய்டுன்னு சொல்லிக்கலாம். வெளிய தெரிஞ்சா உன்ற தங்கச்சிய யாரு கட்டுவாங்க?"

அந்தக் காலத்தில் அவர் பயந்தது பொய்ப் பயம் இல்லை. காசம் வந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். நான் சரி என்றேன்.

ஹாஸ்டலுக்குப் போனபோது அறைத் தோழன் இருந்தான். டைபாய்டு என்றேன். என்னை உட்கார வைத்துவிட்டு அவனே என் பெட்டியைக் கட்டினான். எஸ்டேட்டில் அவனுக்குக் கொடுத்தனுப்பிய கம்பளியை என் மேல் போர்த்தி, பஸ் வரைக்கும் என்னை ஒட்டி நடந்து வந்தான். பஸ் கிளம்புவதற்கு முன் எனக்கு ஒரு டீ வாங்கி வந்தான். நான் பாதி குடித்து வைத்ததை அவன் குடித்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தோட்டத்துச் சாளை வீட்டில் எனக்குத் தனிக் கட்டில், தனித் தட்டு, தனி டம்ளர். காலையில் பக்கத்து ஊர்க் கம்பவுண்டர் சைக்கிளில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். அவரிடமும் அப்பா வாக்கு வாங்கியிருந்தார். பகலெல்லாம் கூரை ஓடுகளைப் பார்த்தபடி படுத்திருந்தேன். சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். நாளைக்கு ஒரு கார்டு போடலாம் என்று தூங்கிவிடுவேன். அவன் நல்ல திடமான உடம்புக்காரன், மலையில் வளர்ந்தவன், அவனுக்கு ஒன்றும் வராது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அவனிடமிருந்து வாரம் ஒரு கவர் வந்தது. எனக்காகப் பிரதி எடுத்த வகுப்புக் குறிப்புகள், நுணுக்கி நுணுக்கி எழுதியது. டைபாய்டு குணமாகி எப்படியும் பரீட்சைக்கு வந்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தான். மூன்றாவது கவரில் கடைசி வரியாக இப்படி எழுதியிருந்தான்: உன் இருமலை எனக்கு விட்டுவிட்டுப் போய்விட்டாய் போல, ராத்திரியெல்லாம் படிக்கவிடாமல் படுத்துகிறது.

அதைப் படித்தது ஒரு சந்தை நாள். அப்பா விடிவதற்குள் காளைகளை ஓட்டிக்கொண்டு வேலந்தாவளம் போயிருந்தார். கஞ்சி கொண்டுவந்த தங்கச்சி, நான் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். அவளுக்கு அப்போது பதினெட்டு வயசு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே தெரிந்தால் அவள் கல்யாணப் பேச்சு முறியும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவள் கஞ்சியைக் கீழே வைத்தாள். "போறதுன்னா இப்பவே போயிருங்கண்ணா. அப்பா வர்றக்குப் பொழுதாயிரும்" என்றாள். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து உதறிக் கொடுத்தாள்.

பாலக்காட்டுக்கு ஒன்றேகால் மணி நேர பஸ். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். ஹாஸ்டலில் அவன் மேஜைக்கு முன்னால் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தான். கிட்டே வராதே என்று கையைக் காட்டி, வாசலில் நின்றபடியே சொன்னேன்.

அவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எத்தன நாளா தெரியும் ஒனக்கு?"

"இருவது நாளா."

"அன்னைக்குப் பெட்டி கட்டும்போதே தெரியுமா?"

"தெரியும்."

கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் மேஜையின் மேல் விரித்துக் கிடந்த புத்தகங்களைத்தான் பார்த்தான். பிறகு கேட்டான். "பரிட்சை முடிஞ்சப்புறம் படம் எடுத்தா ஆகாதாலே?"

இதற்கு முன்னாலேயே போயிருக்க வேண்டும், வா, என்றேன். அவன் புத்தகத்தை மூடிவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டான். நாலு அடி தள்ளித் தள்ளி நடந்து டிஸ்பென்சரிக்குப் போனோம்.

சீட்டு வாங்கிக் கோயம்புத்தூர் போய் எடுத்து வந்த அவன் படத்தில் இடது பக்கம் சின்னதாக ஒரு நிழல் இருந்தது. ஆரம்பம்தான், நல்ல வேளை, இன்னும் இரண்டு மாதம் இப்படியே கண் விழித்துப் படித்திருந்தால் கதை வேறு என்றார் டாக்டர். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். அது எனக்காகச் சொன்னது என்று தோன்றியது. பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னிக்கே சொல்றேன்னுதானே போனே" என்றார்.

அவனுக்கும் அந்த வருஷப் பரீட்சை போயிற்று. அவன் அப்பா மலையிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனார். துணிக்கடைத் தோழனும் படம் எடுத்தான். அவனுக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்க்க வரவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. விஷயம் ஹாஸ்டலில் பரவி எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. பொள்ளாச்சிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. தங்கச்சி மட்டும் எப்போதும் போலக் கஞ்சி கொண்டுவந்தாள். அவளுக்கு அதற்கு மூன்றாம் வருஷம்தான் கல்யாணமானது.

சூரியநெல்லியிலிருந்து கடிதம் வருவது நின்றுவிட்டது. அப்பா சொன்னதையும் எழுதி நான் நாலு கடிதம் போட்டேன். பதில் இல்லை. ஐப்பசி மாதம் ஒரு கார்டு வந்தது. நேற்றோடு ஊசி முடிந்தது, மார்ச்சில் பரீட்சை எழுதலாம் என்று இருக்கிறேன், நீ எழுதுகிறாயா, என்று மட்டும் இருந்தது. அன்றைக்கே பதில் எழுதினேன்.

டிசம்பரில் டாக்டர் எனக்கும் குணம் என்று சொன்னதும், உடுமலைப்பேட்டை வழியாக பஸ் மாறி மாறி சூரியநெல்லிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. பகலிலேயே மூட்டம் இறங்கி எதிர்வரிசை வீடு தெரியவில்லை. அவன் சதை போட்டிருந்தான். வாசலில் என்னைப் பார்த்து, "வாலே" என்றான்.

அவனுடைய அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா தம்பி அது. ஒங்களுக்கே முடியாம கெடக்கையில எந்திரிச்சு வந்து எம்புள்ளயக் கூட்டிட்டுப் போயிருக்கீக. நீங்க மட்டும் அன்னைக்கு வரலேன்னா என் புள்ள எனக்கு ஏது?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இருபது நாள் விஷயத்தை அவன் வீட்டில் சொல்லவே இல்லை. அந்த அம்மா எனக்கு டீ போட்டு, அவர்கள் குடிக்கிற டம்ளரிலேயே கொடுத்தார். அதற்குள் பத்து மாதமாக எங்கள் வீட்டிலேயே எனக்குத் தனி டம்ளர்தான். இல்லை அம்மா, நான் முதலிலேயே வந்திருக்க வேண்டும் என்று சொல்ல வாய் திறந்தேன். திறந்த வாயில் டீயைத்தான் ஊற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் தேயிலைக்கு நடுவே நடந்தபோது, ஏன் சொல்லவில்லை என்று அவனிடம் கேட்டேன்.

"சொல்லி?" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "நாலு மாசம் ஒம்மேல எரிச்சலாத்தான் இருந்துச்சு. அப்புறம் பாத்தேன், எங்கப்பா அந்த இடத்துல இருந்தா எனக்கும் அதத்தான் சொல்லிருப்பாரு. நானும் சரின்னுதான் சொல்லிருப்பேன்" என்றான். வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

ஜனவரியில் இருவரும் பாலக்காட்டில் ஜன்னல் பெரிதாக உள்ள ஒரு மாடி அறை எடுத்துத் தங்கினோம். புரொபசரிடம் அனுமதி கேட்டு, எங்களைவிடச் சின்னவர்களோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பு கேட்டோம். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது எங்கள் பெயரை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வகுப்பையும் விடவில்லை. சாயங்காலம் கோட்டை மைதானத்தைச் சுற்றி ஒரு நடை, எட்டு மணிக்குப் பாயில். வாழ்க்கையில் நான் ரசித்துப் படித்தது அந்த மூன்று மாதம்தான். மார்ச்சில் எழுதி இருவருமே தேறினோம். அவன் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானான். நான் தோட்டத்துக்குத் திரும்பினேன்.

அவனுடைய அம்மா பிறகு பல வருஷம் இருந்தார். ஒவ்வொரு தடவை நான் போகும்போதும், தன் பிள்ளையைக் காப்பாற்றியவன் என்று அக்கம்பக்கத்தாரிடம் என்னைக் காட்டுவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் இருக்கும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை, அவர் மகனும் சொல்லவில்லை. இப்போதும் யாராவது எனக்கு நன்றி சொன்னால், இவருக்கு நான் செய்ததை முதல் நாளே செய்தேனா, இருபதாம் நாள்தான் செய்தேனா என்று ஒரு தடவை உள்ளுக்குள் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அதை வாங்கிக்கொள்கிறேன்.