சீழ் பிடித்த கட்டைவிரலும் ரயிலில் வந்த அக்காவும்

எண்பதுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதம். குன்னத்திலிருந்து பஸ் பிடித்து அரியலூர் வந்து, நானும் என் வீட்டுக்காரரும் மெட்ராஸ் போகும் பகல் ரயிலில் ஏறினோம். மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் முடிந்து, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நேரம் அது.

ஊரில் நான் ஜாக்கெட் தைப்பவள். முடி கொட்டியபோதுகூட பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். என்னை முடக்கிப் போட்டது நகம்தான். மருந்து ஏற ஏற எல்லா விரல் நகமும் கறுத்துப்போனது. வலது கட்டைவிரல் நகம் சதையை விட்டுப் பாதி தூக்கிக்கொண்டது. கொக்கி வைத்துத் தைக்கும்போது அதில் நூல் மாட்டி இழுத்தால் உயிர் போய்விடும். துணி கொண்டு வந்தவர்கள் அளவு சொல்வதை விட்டுவிட்டு என் விரலையே பார்த்தார்கள். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "அவசரமில்லக்கா, அப்புறம் தச்சிக்கலாம்" என்று போய்விட்டாள். ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். கறுப்பு கொஞ்சமாவது குறையட்டும் என்று தூக்கிய நகத்துக்கு அடியில் சேப்டி பின்னை விட்டு நோண்டிச் சுத்தம் செய்தேன். அதுதான் வினையாகிவிட்டது. விரல் வீங்கி, விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது.

ரயிலில் கையை முந்தானைக்குள் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டில் ஒரு அக்கா. அரியலூர் சிமெண்ட் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருப்பவர். தங்கச்சி மகளுக்குக் காது குத்து என்று பலகாரப் பையோடு தனியாகப் போய்க்கொண்டிருந்தார். முறுக்கு எடுத்து நீட்டினார். நான் இடது கையை நீட்டியதும் என் முகத்தைப் பார்த்தார். தலைத்துணியையும் பார்த்தார்.

"அந்தக் கையைக் காட்டுங்க" என்றார்.

தயங்கித்தான் காட்டினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்து வைத்தார். "எனக்கும் இதே வியாதிதான். எனக்கும் இப்படித்தான் கறுத்துப் போச்சு. இப்ப பாருங்க."

பார்த்தேன். எல்லாம் நல்ல ரோஸ் நிற நகங்கள். ஒன்றில் மட்டும் லேசாக ஒரு மேடு. இந்த வியாதி வந்து பிழைத்த ஒருத்தரை நான் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. வண்டி விழுப்புரம் தாண்டும்வரை அந்தக் கைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அதற்குள் என் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தவர், புறங்கையால் கழுத்தையும் தொட்டார். "காய்ச்சல் அடிக்குதே. எப்பலேருந்து?"

"நேத்து சாயங்காலம். லேசாத்தான்."

அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, இறங்குனதும் எங்க போறீங்க?"

"தாம்பரத்துல சொந்தக்காரங்க வூடு இருக்குங்க. டாக்டரு வரச் சொன்னது நாளன்னிக்கு."

"நாளன்னிக்கு வரைக்கும் தாங்காதுண்ணே. இந்த மருந்து ஏத்துனவங்களுக்குச் சீழ் பிடிச்சா எதிர்த்து நிக்க ரத்தத்துல சத்து இருக்காது. வார்டுல பார்த்திருக்கேன். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

என் வீட்டுக்காரர் யோசித்தார். நாள் தப்பிப் போனால் உள்ளே விடுவார்களா என்று அவருக்குச் சந்தேகம். தாம்பரத்தில் எங்களை இறங்க விடவில்லை. எழும்பூரில் இறங்கியதும் அந்த அக்கா பலகாரப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். "நானும் வரேன். காது குத்துக்கு நாளைக்குப் போய்க்கிறேன்."

ஆஸ்பத்திரியில் வாசலிலேயே, "உங்க தேதி இது இல்லையேம்மா" என்றார்கள். அக்கா நகரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "மருந்து ஏத்திக்கிறவங்க, காய்ச்சல் அடிக்குது, விரல்ல சீழ் இருக்கு. டாக்டர்கிட்ட இதை மட்டும் சொல்லுங்க" என்றார். சொன்னார்கள். டாக்டர் உடனே வந்தார். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சீழைக் கீறி எடுத்து, டிரிப் போட்டு வார்டில் சேர்த்துவிட்டார். என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா உசிருக்கு நான் உத்தரவாதம் சொல்லியிருக்க முடியாது" என்றாராம். என் வீட்டுக்காரர் வெளியே வந்து அந்த அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

விசேஷம் முடிந்து ஊர் திரும்பும் முன் அக்கா வார்டுக்கு வந்தார். எனக்கென்று ஒரு புது நகவெட்டி வாங்கி வந்திருந்தார். நகத்தை நேராக, சதையை ஒட்டாமல் வெட்ட வேண்டும், ஓரத்தைத் தோண்டக் கூடாது, அடியில் எதையும் விடக் கூடாது, நகவெட்டியை யாருக்கும் கொடுக்கக் கூடாது, கையைத் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். தூக்கிய நகம் எதிலும் மாட்டாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டேன். "நீங்கதான் தையக்காரியாச்சே, நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்று சிரித்தார்.

சொன்னேன். மெல்லிசான மல் துணியில் விரலுக்கு உறை. தையல் உள்ளே உறுத்தாமல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி. கை ஆறியதும் வார்டில் இருந்த பெண்களுக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தேன். நோயாளியாகப் படுத்திருந்தவளுக்கு வேலை வந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பியபின் கையை மறைக்கவில்லை. துணியைத் திரும்ப வாங்கிப் போன பெண்ணை நானே கூப்பிட்டு, "இது மருந்தால வந்த கறுப்பு, யாருக்கும் ஒட்டாது. தொட்டுப் பாரு" என்று விரலை நீட்டினேன். தொட்டுப் பார்த்தாள். கறுப்புக்குக் கீழே, நகக்கண் பக்கம், புது நகம் பிறை மாதிரி வெளுப்பாகக் கிளம்பியிருந்தது. தீபாவளிக்கு அவள் வீட்டு ஜாக்கெட்டெல்லாம் நான்தான் தைத்தேன்.

முன்பின் தெரியாத எனக்காகத் தன் வீட்டு விசேஷத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அந்த அக்காவை நினைத்துக்கொள்வதால்தான், சிகிச்சை முடிந்து ஊருக்கு வரும் பெண் யாராக இருந்தாலும், கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் நானே அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறேன்.