மீனாம்பிகை அளவெடுத்த ராட்டினம்

1971 சித்திரையில் காரைக்குடிப் பொட்டலில் பொருட்காட்சி போட்டபோது, அங்கே நின்ற பெரிய ராட்டினத்தின் உச்சிக்குப் போனால் இலங்கை தெரியும். பார்வை கொஞ்சம் கூர்மையாக இருந்தால் ரங்கூனும் தெரியும். ரங்கூனில் விட்டுவிட்டு வந்த வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று முப்பது வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த பெரிய வீட்டுக்காரர் ஒருவர், நாலணாக் கொடுத்து ஏறிப் பார்த்து நிம்மதியாக இறங்கினார். இதையெல்லாம் எழுதுகிறவன் உச்சியில் உட்கார்ந்து தன் கண்ணாலேயே பார்த்தது. அப்பேர்ப்பட்ட ராட்டினத்தை ஏழு நாள் முதல் சுற்றுக்குக் கிளப்பிவிட்டவள் இரண்டு காலும் நடக்க வராத ஒரு தையற்காரி.

பெயர் மீனாம்பிகை. வயது முப்பத்திரண்டு. செக்காலையை ஒட்டிய சந்தில் ஓர் அறை, அதில் தரையில் வைத்துச் சுற்றும் ஒரு கை மிஷின். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் கால்களை எடுத்துக்கொண்டது. மிச்சமெல்லாம் அவளிடமே இருந்தது. முக்கியமாக வாய். துணி கொண்டுவரும் பெண்களிடம், "போன மாசத்து இடுப்பச் சொல்லாதீக, இந்த மாசத்து இடுப்பச் சொல்லுங்க" என்று சொல்லியே டேப்பை எடுப்பாள். அளக்காமல் எதையும் வெட்டமாட்டாள். அளந்ததை ஒரு நோட்டில் எழுதுவாள். ஊரில் பாதிப் பெண்களின் உண்மை அந்த நோட்டில்தான் இருந்தது.

சின்ன வயதில் வீட்டார் பொருட்காட்சிக்குப் போகும்போதெல்லாம் அவளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கிப்போய் ராட்டினத்தடியில் உட்கார வைத்தார்கள். மேலிருந்து செருப்பு விழுந்து யார் மண்டையாவது உடையும் என்பதால், ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அந்தச் செருப்புகளுக்குக் காவல் மீனாம்பிகை. பத்து வருஷக் காவல். அதில் ஒரு செருப்பும் தொலைந்ததில்லை என்று அவள் பெருமையாகத்தான் சொல்லுவாள். சொல்லும்போது மிஷின் மட்டும் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்.

எதிர்வீட்டு அழகிக்குப் பதினோரு வயது. அவளுக்கும் அதே வாதம்; வலது காலில் இரும்புப் பட்டை. பொருட்காட்சி தொடங்கிய மறுநாள் காலை அவள் வந்து மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, நேத்து நான் பதினாறு ஜோடி பாத்துக்கிட்டேன். ஒண்ணுகூட மாறல" என்றாள்.

மிஷின் நின்றது. மீனாம்பிகை நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "மருதக் கூப்பிடு" என்றாள்.

மருது பக்கத்து வீட்டுப் பயல். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை முறிந்து, சோடாக் கடைத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். இதை எழுதுகிறவனும் அவன்தான் என்பதால் அவனைப் பற்றிக் கெடுதலாக அதிகம் வராது; பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவன் கையில் டேப்பைக் கொடுத்தாள். "போயி ராட்டினத்த அளந்துட்டு வா."

"அதுக்கு ஜாக்கெட்டா தைக்கப் போறீக?"

"ஆமா. கையில்லாத ஜாக்கெட்டு. பெட்டி அடியில நிக்கிறப்ப உக்காருற பலகை தரையிலருந்து எத்தன இஞ்சு, பெட்டி வாசல் எத்தன இஞ்சு. ஒன் வண்டிப் பலகை எத்தன இஞ்சுன்னும் பாத்துக்க. குத்துமதிப்பாச் சொன்ன, அந்த டேப்பாலயே அடிப்பேன்."

நோட்டில் இரண்டு ஜாக்கெட்டுகளுக்கு நடுவே ராட்டினம் ஏறியது. உட்காரும் பலகை இருபத்தொன்பது. வண்டி முப்பது. பொருட்காட்சிக்குச் சாமான் இறக்கும் பின்வாசல் ஏழு அடி. அதில் வண்டி நுழையும். ஏறும் ஏணியை அவள் அளக்கவே சொல்லவில்லை. ஏணி வேண்டாம் என்பதுதான் அவள் யோசனை. வண்டியைப் பெட்டிக்கு ஒட்டி நிறுத்தினால், பலகையிலிருந்து பலகைக்கு அப்படியே நகர்ந்துவிடலாம். ஓர் இஞ்சு மேடு பள்ளத்துக்கு ஒரு மடித்த சாக்கு போதும். ஆனால் பெட்டி ஆடும். ஆடாமல் பிடிக்க ஆள் வேண்டும்.

அதற்குப் பெத்தனுக்குச் சொல்லி அனுப்பினாள். பெத்தன் கயிறு திரிக்கிறவர், கண் தெரியாது, கை மட்டும் உலக்கை மாதிரி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "புடிக்கிறது எதுக்கு தாயி, வண்டியோட சேத்துக் கட்டிப்புடுறேன். எட்டு முழம் போதும்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "கட்டுனவனும் ஏறலாமுல்ல?" என்றார்.

"ஏறாம? கீழ நின்னு என்னத்தப் பாக்கப் போறீக?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தப் பேச்சை அவளைத் தவிர வேறு யாரும் அவரிடம் பேசமாட்டார்கள்.

நேரத்தையும் அவளே குறித்தாள். நாலு மணிக்குத் திறப்பார்கள். கூட்டம் வந்துவிட்டால் வண்டி நுழையாது, நமக்காக ராட்டினத்தை நிறுத்தி வைக்கவும் மாட்டார்கள். அதனால் முதல் சுற்றுக்கே போய்விட வேண்டும். சோடாக் கடை முதலாளியிடம் வண்டிக்கு அனுமதி கேட்டது, அழகியின் அம்மாவைச் சம்மதிக்க வைத்தது, வெயிலுக்கு ஒரு பழைய சேலை, தாகத்துக்குப் பானகம், எல்லாம் நோட்டில் இருந்தன. ஒன்றே ஒன்று இல்லை. காலையில் முதல் துணி யார் கையிலிருந்து வருகிறது என்று பார்த்து வாங்கி, முதல் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் மிஷினைத் தொடாதவள், மற்றவனும் அப்படித்தான் இருப்பான் என்பதை மறந்துபோனாள்.

ராட்டினக்காரர் பெயர் இராமு, மதுரைப் பக்கத்து ஆள். நாலு மணிக்கு வண்டியில் வந்த மூவரையும் பார்த்தார். இரண்டு சூம்பிய கால், ஓர் இரும்புப் பட்டை, இரண்டு கண். முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"ஏத்துறேன்மா. இன்னும் போணி ஆகல. ஒரு சுத்து முடியட்டும்."

மீனாம்பிகையே யாரிடமாவது இதைச் சொல்லியிருப்பாள். ஒரு சுற்று முடிந்தால் வரிசை வந்துவிடும். வரிசை வந்தால் வண்டி ஒட்டாது. அளந்ததெல்லாம் வீண்.

அதற்குள் அழகி தன் செருப்பைக் கழற்றி வண்டி ஓரத்தில் வைத்துவிட்டாள். பெத்தன் கழற்றிப்போட்டிருந்த செருப்பையும் குனிந்து எடுத்து அதோடு வரிசையாக அடுக்கினாள். "நான் பாத்துக்கிறேன். நீங்க அப்புறமாப் போயிட்டு வாங்க" என்றாள். அழவில்லை, பழகிய வேலையைச் செய்கிறவள் மாதிரி செய்தாள்.

அப்போதுதான் மருது இராமுவின் காதுப்பக்கம் போனான். ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினான். "அண்ணே, ஊருக்குப் புதுசு, அதனால தெரியல. இந்த அக்கா யாருன்னு நெனச்சீக? செக்காலையில எந்த ஜவுளிக்கடை தெறந்தாலும் மொதத் துணிய இந்தக் கைதான் கிழிக்கணும். அம்புட்டு ராசி. நாளு கெடைக்காம ரெண்டு கடைக்காரக இன்னும் காத்துக் கெடக்காக."

இராமு அவளைப் பார்த்தார். மீனாம்பிகையைக் கடைக்காரர் ஒருவர் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறார். கிழிந்த திரையைத் தைக்க. பொய் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் கலைந்துவிடும். அவள் அழகி அடுக்கிய செருப்புகளைப் பார்த்தாள். முடிச்சிலிருந்து மூன்று நாலணாவை எடுத்து, வலது கையில் வைத்து, கண்ணில் ஒற்றி நீட்டினாள்.

"கெழக்க பாத்து வாங்குங்க" என்றாள்.

அவர் கிழக்கே திரும்பி வாங்கினார்.

பெத்தன் தடவிப் பார்த்துக் கட்டினார். பெட்டி அசையவில்லை. அளவு ஓர் இம்மி பிசகவில்லை. அழகி சாக்கின்மேல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள், பின்னால் மீனாம்பிகை, கடைசியாகப் பெத்தன், கயிற்றை அவிழ்த்துவிட்டு. மருது வண்டியைப் பின்னால் இழுத்தான்.

மேலே போனதும் பெத்தன், "காத்து வேற மாதிரி இருக்கு. என்ன தெரியுது, சொல்லு" என்றார். அழகி சொல்லிக்கொண்டே வந்தாள்: ஊருணி, சாக்கோட்டைப் பக்கத்துப் பனைகள், எறும்பு மாதிரி ஒரு பஸ். மீனாம்பிகை வீடுகளைப் பார்த்தாள். கீழேயிருந்து பார்த்தால் சுவரும் நிலைக்கதவுமாகவே நிற்கும் பெரிய வீடுகள், மேலேயிருந்து வயிறு திறந்து கிடந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முற்றம். ஒரு முற்றத்துக் கொடியில் அவள் தைத்த மஞ்சள் ஜாக்கெட்டு காய்ந்துகொண்டிருந்தது. கை கொஞ்சம் இறக்கமாகிவிட்டது என்பது அத்தனை உயரத்திலிருந்தும் அவளுக்குத் தெரிந்தது.

அன்று ராட்டினத்துக்கு வந்த கூட்டம் பொருட்காட்சி வந்ததிலிருந்து வராத கூட்டம். மறுநாள் மத்தியானம் இராமு அவள் வாசலில் நின்றார்.

"அம்மா, இன்னைக்கும் கை போணி நீங்கதான் பண்ணணும்."

மீனாம்பிகை ஊசியில் நூல் கோத்து முடிக்கும்வரை அவரைக் காக்க வைத்தாள். "தனியா வரமாட்டேன். என்னோட ரெண்டு மூணு பேரு வருவாக. அவுக ஏறி உக்காந்து, சரின்னு நான் சொல்ற வரைக்கும் ராட்டினம் அசையக் கூடாது."

"உங்க இஷ்டம்மா."

பொருட்காட்சி முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் வண்டி போனது. அழகி தினமும், மற்றவர்கள் மாறி மாறி. சிங்கம்புணரியிலிருந்து ஒருவர், அரவை மில்லில் கால் போனவர், கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்தார். செருப்புகள் வண்டியடியில் தாமாகவே கிடந்தன. ஒன்றும் தொலையவில்லை.

கடைசி நாள், எல்லோரும் இறங்கி வண்டிக்கு வந்த பிறகு, மீனாம்பிகை கூப்பிட்டாள். "மருது, இங்குட்டு வா."

வந்தான்.

"ராட்டினத்து உச்சியிலருந்து இலங்கை தெரியுதுன்னு, சோடாக் குடிச்சவனுக்கெல்லாம் சொன்னது யாருடா?"

"எந்தப் பய சொன்னான்?"

"ரங்கூனும் தெரியுதாமுல்ல. அன்னைக்குக் கூட்டம் என் ராசியில வரல. ஒன் வாயில வந்துச்சு."

மருது வண்டிச் சக்கரத்தில் ஏதோ பழுது இருப்பதுபோல் குனிந்து பார்த்தான்.

"ஏழு நாளு ஏறிட்டேன். சாக்கோட்டைப் பனைக்கு அங்குட்டு ஒண்ணுமில்ல. நீ கண்ணால கண்டதாச் சொல்லித் திரியிறயே, ஒரு நாளாச்சும் ஏறுனயா?"

"வண்டிய யாரு புடிக்கிறது?"

"வண்டிக்கென்ன, ஓடியா போகப் போகுது? பெட்டி மேல போறப்பல்லாம் நீ கண்ண மூடிக்கிறத மேலருந்து நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அழகி சிரிப்பை அடக்க இரும்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். மீனாம்பிகை முடிச்சை அவிழ்த்து ஒரு நாலணாவை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"செருப்பக் கழட்டு. நான் பாத்துக்கிறேன்."