வெந்த கை

எகிப்தின் தும்யாத் நகரத்தில், தச்சர் தெரு முனையில் இருக்கும் பையூமியின் காப்பிக் கடையில் எல்லோருக்கும் உட்கார இடம் உண்டு. ஷஹாத்தாவுக்கு மட்டும் நிற்கத்தான் இடம். கடையின் பின்சுவரோரம், கரி அடுப்புக்கு முன்னால், ஓர் ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும் இடம். கல்யாணமான வருஷத்திலிருந்து அவன் அங்கேதான் நிற்கிறான். அந்த அடுப்படியை விட்டால் உலகத்தில் தன்னை 'வா' என்று கூப்பிட ஓர் இடமில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஹூக்காவின் தலையில் வைக்கும் மண் கிண்ணத்தை இங்கே கல் என்பார்கள். பாகில் ஊறிய புகையிலையை அதில் அமுக்காமல் உதிரியாக வைக்க வேண்டும். கல்லின் கழுத்தில் ஈரத் துணியைச் சுற்றி, தண்டில் திருகி உட்கார வைத்து, உள்ளங்கையால் மூடி ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, காற்று எங்கும் ஒழுகவில்லை என்று தெரிந்த பிறகுதான் கங்கு. கங்கில் ஒரு கறுப்புப் புள்ளி மிச்சமிருந்தாலும் இழுப்பவனுக்குத் தலை வெடிக்கும். தெரு முழுக்க மரத்தூள். வார்னிஷ் வேறு. ஒரு கங்கு தவறி உருண்டால் தேடிப் பிடிக்காமல் எவனும் அடுத்த வேலை பார்க்க மாட்டான். ஷஹாத்தா கரித்தட்டைச் சுவரோரமாகவே, யார் தலைக்கும் மேலே போகாமல், "நெருப்பு... நெருப்பு..." என்று முனகிக்கொண்டே கொண்டு வருவான். இதில் அவனைக் குறை சொன்னவன் யாருமில்லை.

அடுப்படிக்குப் புதிதாக வருகிறவனைப் 'பச்சைக் கை' என்று கேலி செய்வது இங்கே வழக்கம். இடுக்கி கையில் இருந்தும் அவன் விரலைச் சுட்டுக்கொண்டு கையை உதறுவான், கடையே சிரிக்கும். வருஷங்கள் போய், இடுக்கியில்லாமல் இரண்டு விரலால் கங்கை எடுத்து வைக்கிறவன் 'வெந்த கை'. அது பட்டம். தச்சர்களுக்குள் 'மேஸ்திரி' என்பதுபோல. ஷஹாத்தாவுக்குப் பாதி ஆயுள் வரைக்கும் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. ஒரு நாள் திடீரென்று கிடைத்தது. இடுக்கி எங்கோ போயிருந்தது, அவசரத்தில் விரலால் எடுத்தான், சுடவில்லை. இன்னொன்று எடுத்தான். அதுவும் சுடவில்லை.

கடை அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. முதலாளி பையூமி வெளியூர் மர வியாபாரிகள் வந்தால் அவனைக் கூப்பிட்டு, "டேய் ஷஹாத்தா, அந்தக் கங்கைக் கொஞ்சம் உருட்டிக் காட்டு" என்பார். அவன் உள்ளங்கையில் உருட்டிக் காட்டுவான். பாவி மனிதன், வாழ்க்கையில் கைதட்டல் வாங்கியது அதற்கு மட்டும்தான்.

அதே சமயத்தில்தான் அவனுக்குத் தாகமும் ஆரம்பித்தது. நாலு கரண்டி சர்க்கரை போட்ட தேநீருக்குப் பின்னால் ஒரு குடம் தண்ணீர், அதற்குப் பின்னால் கடைப் பின்புறத்துக்கு ஓட்டம்.

"ஆத்துல தண்ணி குறைஞ்சா இவனைப் புடிச்சு அணையில நிறுத்துங்கப்பா" என்றார் நாற்காலி செய்யும் தர்வீஷ் மேஸ்திரி.

"அடுப்பு முன்னாடி நின்னு பாருங்க மேஸ்திரி, அப்போ தெரியும் தாகம்" என்றான் ஷஹாத்தா. எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

சரியாகப் படாதது அவன் மனைவி இன்ஸாஃப் ஒருத்திக்குத்தான். ஒரு சாயங்காலம் அவன் காலைத் துடைத்துக்கொண்டிருந்தவள் குதிகாலில் ஏதோ நெருடுகிறதே என்று பார்த்தாள். தச்சன் அடிக்கும் சின்ன ஆணி, தலை வரை இறங்கியிருந்தது. சுற்றிலும் சீழ்.

"ஏங்க, இது என்னைக்குக் குத்திச்சு?"

"எது?"

அவள் ஆணியைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் அதை யாருடையதோ போலப் பார்த்தான்.

"நெருப்புல நிக்கிற உடம்பு இன்ஸாஃப். மரத்துதான் போகும்."

"கை வெந்துச்சு, சரி. காலு எப்படி வெந்துச்சு? காலாலயா கரி தூக்குறீங்க?"

அவன் காலை இழுத்துக்கொண்டான். "டாக்டர்கிட்ட போனா ஏதாவது சொல்லுவாங்க. முதலாளி காதுக்குப் போகும். சூடு தெரியாதவன நெருப்புகிட்ட யாரு நிறுத்துவா? வெந்த கைன்னு அவங்க நினைச்சுக்கிட்டே இருக்கட்டும். விடு."

அவனுக்கும் உள்ளூரத் தெரிந்திருந்தது என்பதை அன்றைக்கு அவள் புரிந்துகொண்டாள். அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். பிறகு, ஏழை வீட்டில் எல்லோரும் செய்வதுபோல, ஆணி குத்திய இடத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு அவளும் விட்டுவிட்டாள். அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து கடை நிரம்பி வழிந்தது. நாலு பக்கமும் "கல்லு மாத்து", "கங்கு கொண்டா" என்று கத்தல். ஷஹாத்தா நேரத்தை மிச்சம் பிடிக்க, என்றைக்கும் செய்யாத ஒன்றைச் செய்தான். கங்கை அடுப்படியிலேயே கல்லின் மேல் வைத்துக் கொண்டுவந்து, அப்படியே தர்வீஷின் ஹூக்காவில் திருகினான். கழுத்துத் துணியோ காய்ந்து கிடந்தது. விரலுக்கும் பிடி தெரியவில்லை. கல் சாய்ந்தது, மூன்று கங்கு கீழே விழுந்தது.

இரண்டைப் பொறுக்கிவிட்டான். மூன்றாவதைக் காணோம்.

"காலைத் தூக்குங்க! எல்லாரும் காலைத் தூக்குங்க! கங்கு ஒண்ணு உருண்டுருச்சு!"

கடையே காலைத் தூக்கியது. ஆளாளுக்குத் தம் செருப்பைத் தட்டிப் பார்த்தார்கள், அங்கியை உதறினார்கள். ஷஹாத்தா மண்டியிட்டு ஒவ்வொரு மேசைக்கடியிலும் கையை விட்டுத் துழாவினான். மரத்தூள் மூட்டை ஒன்று வாசலில் இருந்தது, ஓடிப் போய் அதையும் புரட்டினான்.

இதற்குள் மணம் வந்துவிட்டது.

"யாருடா அது, எங்களை விட்டுட்டுக் கறி சுடுறது?" என்றார் தர்வீஷ்.

"வெள்ளிக்கிழமையாச்சே, பக்கத்து வீட்டுல இருக்கும்" என்றார் பையூமி. "நல்ல கொழுப்புக் கறிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஷஹாத்தாவும் மூக்கை உயர்த்தி முகர்ந்து பார்த்துவிட்டு, "எனக்கும் பசிக்குது மேஸ்திரி" என்றான். தர்வீஷ் பதில் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்வை ஷஹாத்தாவின் காலில் இருந்தது. பின்பக்கம் மிதித்து நசுக்கிய பழைய தோல் செருப்பு. அதன் ஓரத்திலிருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது.

"ஷஹாத்தா..." என்றார் அவர். "உன் காலைத் தூக்குப்பா."

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் கோபக்காரி. "வெந்த கையாம்! யாருய்யா இந்தப் பேரை வெச்சது? இது வெந்ததில்ல, செத்தது. சர்க்கரை ஏறி நரம்பெல்லாம் செத்துப்போயிருக்கு, வருஷக்கணக்கா. காலு உள்ளுக்குள்ள அழுகியாச்சு, எடுத்தாகணும். கையும் அதே கதைதான். இனி நெருப்புப் பக்கமே போகக் கூடாது" என்றாள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பையூமி ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, "உன் இடம் உனக்குத்தான்டா, எவனும் தொட மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பொய் சொல்லவில்லை, சொல்லும்போது நிஜமாகத்தான் சொன்னார். ஆனால் கடையில் கங்கு இல்லாமல் யார் உட்கார்வார்கள்?

ஊன்றுகோலோடு ஷஹாத்தா கடைக்கு வந்தபோது அடுப்படியில் மித்வல்லி நின்றிருந்தான். படகு விட்டுக்கொண்டிருந்தவன், ஷஹாத்தாவின் வயதுதான் இருக்கும். பையூமி வாசலோரம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாயங்காலமானால் இன்ஸாஃப் வந்து கூட்டிப் போவாள்.

ஒரு நாள் அவள் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தபோது உள்ளே மித்வல்லி விரலைச் சுட்டுக்கொண்டான். "ஸ்ஸ்... அய்யோ!" என்று கையை உதறி வாயில் வைத்துக்கொண்டான்.

"பச்சைக் கை! பச்சைக் கை!" என்று கடை ஆர்ப்பரித்தது. தர்வீஷ் மட்டும் சிரிக்கவில்லை.

ஷஹாத்தா மித்வல்லியையே பார்த்துக்கொண்டிருந்தான். பசித்தவன் அடுத்தவன் தட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"ரொம்பச் சுடுதா?" என்று கேட்டான்.

"உயிர் போகுதுண்ணே. உங்களுக்குச் சிரிப்பா இருக்கும்."

"இங்க கொண்டா அதை."

மித்வல்லி புரியாமல் முதலாளியைப் பார்த்தான். பையூமிக்கு ஒரே உற்சாகம். "குடுடா, குடு! காலு போனாலும் கை நம்ம கைதானேடா! எல்லாரும் பாருங்கப்பா!" மித்வல்லி இடுக்கியால் கங்கை எடுத்து ஷஹாத்தாவின் உள்ளங்கையில் வைத்தான்.

கைதட்டினார்கள். ஷஹாத்தா கங்கை உருட்டவில்லை. கையை விரித்தபடி, அதையே பார்த்துக்கொண்டு, சுடும் என்று காத்திருந்தான். கைதட்டல் ஓய்ந்தது. தோல் பொசுங்கத் தொடங்கியது.

வாசலுக்கு வந்த இன்ஸாஃப் அதைப் பார்த்தாள். கத்தக்கூட இல்லை, பாய்ந்து வந்து வெறும் விரலால் கங்கைத் தட்டிவிட்டாள். தரையில் விழுந்ததைச் செருப்பால் மிதித்துவிட்டு, "ஸ்ஸ்" என்று விரல்களை மடக்கிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"சுட்டுருச்சா?" என்றான் அவன்.

"கேக்குறதப் பாரு... சுடாம?"

"கைய ஊதி விடறேன், காட்டு."

அவள் கையை நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஊதினான். வெகு நேரம் ஊதினான். கண்ணைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் எப்போதோ அவன் பிடியிலிருந்து கையை எடுத்து முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள்.