வாசலில் கேட்கக் கூடாத கேள்வி

என் மனைவிக்கு ஒரு மலையின் உச்சியில் நிற்க வேண்டும். எந்த மலை என்றாலும் பரவாயில்லை, உச்சியாக இருந்தால் சரி. முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு நடக்கச் சொன்னது டொக்டர்தான். முதலில் லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவைச் சுற்றி நடந்தாள். பிறகு பூங்கா போதவில்லை. வேல்ஸுக்கு ஒரு தடவையும் ஏரி மாவட்டத்துக்கு ஒரு தடவையும் போனோம். இரண்டு தடவையும் பாதிவழியில் நான்தான் அவளைத் திருப்பிக் கூட்டி வந்தேன். ஒரு தடவை முகில் கறுத்திருந்தது. மற்றத் தடவை முகிலே இல்லை. அது எனக்கு இன்னும் கூடிய சந்தேகத்தைத் தந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவர்களுக்கு எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று தெரியும். எனக்கு அந்தப் பிரிவு தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பயந்து வைத்துக்கொள்வேன். பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நிற்கும்போது, ஆட்கள் வராத நேரங்களில் மலை விபத்து வீடியோக்கள் பார்ப்பேன். பனியில் சறுக்கியவர்கள், முகிலில் வழி தவறியவர்கள், செம்மறி ஆட்டைப் படம்பிடிக்க இன்னும் ஒரு அடி பின்னால் போனவர்கள்.

போன வருடம் மகள் எங்களுக்கு ஸ்கொட்லாந்தில் ஓர் ஏரிக்கரையில் அறை போட்டுக் கொடுத்தாள். அங்கே ஏரியை லொக் என்கிறார்கள். எங்களை றெயின் ஏற்ற வந்த மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அப்பா, ப்ளீஸ். இந்த முறையாவது அம்மாவை மேல போக விடுங்கோ."

"நான் எங்கை பிள்ளை மறிக்கிறன்? வானம்தான் மறிக்குது."

மனைவிக்குக் காது நல்லாகக் கேட்கும். "வானம் மறிச்சாலும் சரி, உன்ரை கொப்பர் மறிச்சாலும் சரி, உச்சி பாக்காமல் நான் மோர்டனுக்கு வரமாட்டன்" என்றாள்.

விடுதிக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கோழி வளர்க்கிறார், ஒரு கறுப்பு நாய் வைத்திருக்கிறார். மலைக்கு வெளிக்கிடுகிற யாராக இருந்தாலும் வாசலில் மறித்துக் கேட்பார்: "இன்றைக்கு எங்கே போகிறீர்கள்? எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்?" அந்த ஊரில் அது ஒழுங்கு. ஆள் வராவிட்டால் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும்.

எங்கள் ஒழுங்கு வேறு. ஒரு காரியத்துக்கு வெளிக்கிட்டவரை வாசலில் வைத்து எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் காரியம் சரிவராது. யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால், திரும்பி உள்ளே வந்து, கொஞ்ச நேரம் கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளிக்கிட வேண்டும். லண்டனுக்கு வந்த பிறகு மனைவி எத்தனையோ பழக்கங்களை விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமையிலும் நகம் வெட்டுகிறாள். இதை மட்டும் விடவில்லை.

முதல் நாள் காலை வெயில் எறித்தது. மலையடிவாரம் முழுக்க ஊதாப் பூ. சப்பாத்தைக் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்தோம். விடுதிக்கார அம்மா சிரித்துக்கொண்டே வந்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

மனைவி திரும்பினாள். சப்பாத்தைக் கழற்றினாள். உள்ளே போய்க் கதிரையில் இருந்து தண்ணீர் குடித்தாள். மலைச் சப்பாத்து என்பது சாதாரணச் சப்பாத்து அல்ல. கொளுக்கி கொளுக்கியாக நாடாவைக் கொழுவிக் கட்ட வேண்டும். கட்டி முடித்து மறுபடி வாசலுக்கு வந்தால், "நீங்கள் இன்னும் சொல்லவில்லையே" என்றார் அந்த அம்மா.

மறுபடி சப்பாத்து, கதிரை, தண்ணீர்.

மூன்றாவது தடவை அவள் உள்ளே போனபோது அந்த அம்மா என் பக்கத்தில் வந்து, உங்கள் மனைவிக்குச் சுகமில்லையா என்று மெதுவாகக் கேட்டார். தாகம் என்று சொன்னேன். அதற்குள் மலையின் பாதியைக் காணவில்லை, மழை பிடித்துவிட்டது. மனைவி ஜன்னலோரம் இருந்து மழையைப் பார்த்தாள். "நாளைக்கு இந்த மனிசி கோழிக்குத் தீன் போடப் போகேக்கை நாங்கள் பக்கத்துக் கதவால போவம்" என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்படியே போனோம். யாருக்கும் தெரியாது. பயந்தவன் என்ற முறையில் எல்லாவற்றையும் என் முதுகுப் பையில் வைத்திருந்தேன். விசில், ரோர்ச், வரைபடம், தண்ணீர், காயத்துக்குப் போடும் துணி. விழுந்து உடைந்துவிடும் என்று அவளுடைய ரெலிபோனையும் வாங்கி என்னுடையதோடு வைத்திருந்தேன். அவளிடம் இரண்டு ஊன்றுதடியும் புட்டுப் பார்சலும் இருந்தன.

லொக்கின் கரையால் கொஞ்சத் தூரம் போய், பன்னச் செடி அடர்ந்த சரிவில் ஏறி, மலையின் முதல் தோளுக்கு வந்தோம். அங்கே ஒரு பெரிய பாறை. நான் இருந்து மூச்சு வாங்கினேன். மேலே பார்த்தால் உச்சியில் முகில் காயப்போட்ட துவாயைப் போலக் கிடந்தது.

"இஞ்சரும், முகிலைப் பாத்தீரே? இறங்குவம்."

"நீங்கள் இருங்கோ" என்றாள். "நான் ஒருக்கா அப்பிடிப் போட்டு வாறன்."

எங்கே என்ற சொல் என் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கேட்டால் அவள் விடுதிக்குத் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்துவிட்டுத்தான் வருவாள். அதோடு, ஒரு பெண் மலையில் ஒருக்கா அப்பிடிப் போட்டு வாறன் என்று பாறைக்குப் பின்னால் போனால் என்னத்துக்கு என்று எனக்குத் தெரியும். மரியாதைக்காக முகத்தை மற்றப் பக்கம் திருப்பி லொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஏரியைப் போல எதையும் நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முதலில் அது கழுவித் துடைத்த சில்வர் தட்டைப் போல இருந்தது. பிறகு காற்று வந்து ஒரு மூலையிலிருந்து அதைக் கறுப்பாக்கிக்கொண்டு போனது. நடுவில் சிறு தீவு, அதில் சாய்ந்த மூன்று பைன் மரங்கள். ஒரு பறவை தண்ணீருக்குள் தாழ்ந்து, நான் எதிர்பார்த்த இடத்தில் எழும்பாமல் வேறெங்கோ எழும்பியது. அக்கரை மலையில் வெயில் ஒரு வயல் அளவுக்கு விழுந்து ஊர்ந்து போனது. மிகவும் வடிவான இடம். பாறைக்குப் பின்னால் போனவளுக்கு இவ்வளவு நேரம் ஆகாதே என்று அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது.

திரும்பிப் பார்த்தேன். பாறையைத் தவிர ஒன்றும் இல்லை. முகில் பாறை வரை இறங்கியிருந்தது.

கூப்பிட்டேன். பதில் இல்லை. பாறைக்குப் பின்னால் ஆளும் இல்லை. ரெலிபோன் எடுக்கலாம் என்று பையைத் திறந்தால் இரண்டு ரெலிபோனும் என் பைக்குள்ளேதான் இருந்தன, இரண்டிலும் சிக்னல் இல்லை. தேடிப் போனால் அவள் இங்கே வந்து என்னைக் காணாமல் தேடுவாள். போகாமல் நின்றால் அவள் எங்கேயாவது விழுந்து கிடப்பாள். வீடியோக்களில் இரண்டு வகை ஆட்களும் செத்திருக்கிறார்கள். விசிலை எடுத்து ஊதத் தொடங்கினேன்.

முகிலுக்குள்ளிருந்து முதலில் வந்தது நாய். அதன் பின்னால் விடுதிக்கார அம்மா. கோழிக்கு மத்தியானத் தீன் போடும்போது விசில் கேட்டதாம்.

"உங்கள் மனைவி எங்கே?"

"மேலே."

"எந்தப் பக்கம்? இந்த மலைக்கு நாலு பக்கம் இருக்கிறது. ஆட்களைக் கூப்பிடுவதென்றால் நான் பக்கம் சொல்ல வேண்டும்."

"நான் கேட்கவில்லை."

"ஏன் கேட்கவில்லை?"

கல்லாவில் பேசும் ஆங்கிலம் பெற்றோலுக்கும் சிகரட்டுக்கும் காணும். இதற்குக் காணாது. ஆனாலும் சொன்னேன். வாசல், கேள்வி, கதிரை, தண்ணீர். அந்த அம்மா நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அப்படியென்றால் நேற்றைய தண்ணீர் என்னால்தானா?"

"ஓம்."

"மூன்று தடவையும்?"

"மூன்று தடவையும்."

அவர் நாயின் கழுத்தை விட்டார். பிறகு கேட்டார்: "போகிறவர் எங்கே போகிறார் என்று உங்கள் ஆட்களுக்கு எப்படித் தெரியவரும்?"

"வந்த பிறகு அவர்களே சொல்வார்கள்."

"வராவிட்டால்?"

விசிலைத் துடைத்தேன். எங்கள் ஆட்களில் யாரும் இதை யோசித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கீழே போய் ஆட்களைக் கூப்பிடுவதாகவும், அதுவரை ஊதுவதை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். நான் ஊதினேன். வாய் உலர்ந்து விசிலுக்குள் காற்று மட்டும் போனது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஊதினேன். முகில் எவ்வளவு வெள்ளையோ என் தலைக்குள்ளும் அவ்வளவு வெள்ளை. அவள் போட்டிருந்த கோட்டு என்ன நிறம் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

நாய்க்குத்தான் முதலில் கேட்டது. பிறகு ஊன்றுதடி கல்லில் தட்டும் சத்தம். அதன் பிறகு குரல்.

"என்னப்பா, விசர் பிடிச்சதே உங்களுக்கு? மலை முழுக்க பஸ் கொண்டக்டர் மாதிரி ஊதிக்கொண்டு நிக்கிறியள்!"

கோட்டு சிவப்பு.

தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினேன். வாய் திறந்திருந்தால் அழுதிருப்பேன், அந்த அம்மாவும் நாயும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனைவி பாறையில் இருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மற்றக் கையால் என் முதுகுப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் அவளும் பயந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"உச்சி எப்பிடி?" என்று கேட்டேன்.

"ஒண்டும் தெரியேல்லை. ஒரே வெள்ளை. ஒரு கற்குவியல் இருந்தது, தொட்டுப் பாத்தன். புட்டைச் சாப்பிட்டன்." கொஞ்சம் பொறுத்து, "இறங்கேக்கை எந்தப் பக்கம் எண்டு விளங்கேல்லை. பிறகு உங்கடை விசில் கேட்டுது" என்றாள்.

அன்றைக்குப் பின்னேரம் அந்த அம்மா எங்களுக்குச் சூப் கொண்டுவந்து வைத்தார். தானும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். நாங்கள் மூன்று பேரும் கதிரையில்தான் இருக்கிறோம் என்பதை ஒருமுறை கண்ணால் சரிபார்த்துக்கொண்டு, நாளைக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

மனைவி கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். "இருந்துகொண்டு, முதல் நாளே கேட்டால் குற்றமில்லை" என்று என்னிடம் தமிழில் தீர்ப்புச் சொன்னாள். பிறகு அந்த அம்மாவிடம், லொக்கைச் சுற்றி, மத்தியானத்துக்கு முன்னம் திரும்பிவிடுவோம் என்றாள்.

மோர்டனிலும் இப்போது அந்த ஒழுங்குதான். பின்னேரச் சாப்பாட்டுக்கு இருவரும் கதிரையில் இருந்த பிறகு கேட்கிறேன்.

"நாளைக்கு?"

"மீன்கடை. பிறகு கோயில்."

"எந்த வழியால?"

"மீன்கடைக்கு எத்தினை வழியப்பா இருக்கு?"

"எப்ப வருவீர்?"

சொல்கிறாள். காலையில் அவள் வாசலில் சப்பாத்துப் போடும்போது நான் வாய் திறப்பதில்லை. எந்தக் கோட்டைப் போடுகிறாள் என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன். தேட வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்களாம். வீடியோவில் சொன்னார்கள்.